சின்னானுக்குச் சர்க்கரை

“கொப்பரையில வாய வெச்சிருச்சா கண்ணு?”

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று உடுமலையிலிருந்து போனில் சொன்னதும் என் மாமியார் கேட்டது இதுதான். அத்தை கேட்டதில் தப்பில்லை. எங்கள் மறையூரில் ‘சர்க்கரை’ என்றால் வெல்லம். மலையாளத்தில் வெல்லத்துக்கு அதுதான் பெயர். அஞ்சுநாட்டுத் தமிழர்களான எங்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் கரும்புக்காடு, அதை ஒட்டி ஆலைக் கொட்டகை. சாற்றைப் பிழிந்து, சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை நீக்கி, சக்கையையே எரித்துக் கொப்பரையில் பாகு காய்ச்சி, மரத்தொட்டியில் ஊற்றி ஆற்றி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிப்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர்ச் சர்க்கரை இதுதான். சின்னான் குட்டியாக வந்து சேர்ந்ததும் அந்தக் கொட்டகைக்குத்தான், 2013 மார்கழியில், அடுப்புச் சூட்டைத் தேடி.

ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவன் சர்க்கரையை நக்கி நான் பார்த்ததில்லை. எறும்பு வரும், தேனீ வரும், தெருநாய் வரும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வந்து கையேந்தி நிற்பார்கள். அவன் மட்டும் தொட்டி விளிம்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். அதற்குக் காரணம் உண்டு என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரும் உறுப்பை நாக்கில் உருவாக்க இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பூனை இனத்தில் அவற்றில் ஒன்று என்றோ பழுதாகிவிட்டது. வீட்டுப் பூனைக்கும் அப்படி, புலிக்கும் அப்படி. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் இதை 2005இல் வெளியிட்டார்கள். இறைச்சி தவிர வேறெதையும் தேடிப் போகாத உயிருக்கு இனிப்பு அறியும் நாக்கு எதற்கு? அவன் உடம்பு இன்னதென்று அவன் நாக்குக்குத் தெரிந்திருந்தது. சோறு போட்ட எனக்குத்தான் தெரியவில்லை.

நான் என்ன போட்டேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். காலையில் பால். மத்தியானம் மத்திக் குழம்பில் பிசைந்த மட்டை அரிசிச் சோறு. மீன் ஒரு துண்டு, சோறு ஒரு கிண்ணம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பது அன்றைக்குத் தெரியாது. அந்தக் குழம்பு முழுக்க அவைதான். 2014இல் கருத்தடை செய்தபின், நல்லது செய்வதாக எண்ணி, உலர் தீனிப் பாக்கெட் வாங்க ஆரம்பித்தேன். கிண்ணம் காலியாக இருந்தால் மனசு கேட்காது, நிரப்பிவிடுவேன். ஏழு கிலோவைத் தொட்டான். வருகிறவர்கள் “பூனையா, புலிக்குட்டியா?” என்று கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். இன்றைக்கு அந்தக் கேள்வியை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

2022 ஆவணி வாக்கில் இளைக்கத் தொடங்கினான். நன்றாகச் சாப்பிடுகிறான், உடம்பும் குறைகிறது, நல்லதுதானே என்று இரண்டு மாதம் இருந்துவிட்டேன். தண்ணீரை அவ்வளவாகத் தொடாதவன் வாளியில் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தான். கொட்டகையில் அவன் ஒதுங்கும் சாம்பல் மேடு எப்போதும் ஈரமாக இருந்தது. பிறகு ஒரு நாள் தொட்டி விளிம்புக்குத் தாவியவன் எட்டாமல் விழுந்தான். பின்னங்கால்களில் விரலை ஊன்றி நடக்க வேண்டியவன், குதிகால் தரையில் படிய முயல் மாதிரி நடந்தான். விழுந்து அடிபட்டிருக்கும் என்று தைலம் தேய்த்தேன். நெடுநாள் சர்க்கரை ஏறிக் கிடந்தால் பூனைக்குப் பின்னங்கால் நரம்பு தளர்ந்து இப்படித்தான் நடக்கும். அதைப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் பாதி கண்டுபிடித்துவிடுவார். மூன்று மாதத்துக்கு முன்பே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டியவள் நான்.

மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குப் போய் வர எங்களுக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். சின்னாறு வழியாக இறங்கினால் உடுமலை நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான், அதனால் உடுமலைக்கே போனோம். அங்கே எடுத்த முதல் இரத்தச் சர்க்கரை அளவு 412. மருத்துவர் அதை மட்டும் நம்பவில்லை. பூனை பயந்தாலே சர்க்கரை 300 வரைகூட ஏறும் என்றார். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்தார். சர்க்கரை நிறைய, கீட்டோன் இல்லை. கீட்டோன் இருந்திருந்தால் உயிருக்கே ஆபத்தான கட்டம். சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனையும் செய்தார். அது சரியாக இருந்ததால்தான் புரதம் மிகுந்த உணவைப் பற்றியே பிற்பாடு பேச முடிந்தது.

மனிதருக்கு நடுவயதில் வரும் வகைதான் பெரும்பாலான பூனைகளுக்கும் வருகிறது. இன்சுலின் சுரக்கும் செல்களைச் சுற்றி அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. பருத்த உடம்பு சுரந்த இன்சுலினையும் சரியாக ஏற்பதில்லை. ஏழு வயது தாண்டிய, கருத்தடை செய்த, பருத்த ஆண் பூனைக்கு ஆபத்து அதிகம். சின்னானைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். இரத்தத்தில் ஏறிய சர்க்கரையே அந்தச் செல்களை முடக்கிப் போடுகிறது. சீக்கிரம் இறக்கிவிட்டால் சில பூனைகளில் அவை மறுபடி எழுந்து வேலை செய்யும், ஊசியே வேண்டாத நிலைகூட வரும். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்ட விதம்தான் பின்னால் அவனைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது.

கிளார்ஜின் இன்சுலின், பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை ஒரு யூனிட். ஊசி போடுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போட்டுவிடலாம். தலையைத் தூக்கக்கூட மாட்டான். பயப்பட வேண்டிய இடம் வேறு. அத்தைக்கும் இருபது வருடமாகச் சர்க்கரை. அவருடைய மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள புட்டி, சிவப்பு மூடி ஊசி. சின்னானுடையது ஒரு மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி ஊசி. இரண்டு மருந்தும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரே தட்டில் இருந்தன, ஊசிகள் ஒரே டப்பாவில். அவன் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஒரு யூனிட் கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு விடியற்காலையில் சிவப்பு மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றே அவனுடையதையெல்லாம் தனி டப்பாவில் போட்டு மேல்தட்டுக்கு மாற்றினேன். சர்க்கரைக்காரர்களும் சர்க்கரைப் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகள் இனி நிறைய வரும்; இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தட்டை இன்றைக்கே பாருங்கள்.

முதல் தவறு கேழ்வரகு.

அத்தையின் சமையலறை அனுபவம் எனக்கு இருந்தது. அரிசியைக் குறை, கேழ்வரகுக் களி கிண்டு, வெந்தயம் ஊறவை, பாகற்காய் வதக்கு. மேலே காந்தலூர்ப் பக்கம் விளைந்த நல்ல கேழ்வரகு வீட்டிலேயே இருந்தது. மீனோடு களியைப் பிசைந்து சின்னானுக்கு வைத்தேன். அதில் அரைச் சிட்டிகை வெந்தயப் பொடி. மனிதருக்கு நல்லது பூனைக்கும் நல்லது என்று என் அறிவு சொன்னது. மறுமுறை போனபோது சர்க்கரை இறங்கவில்லை. “என்ன கொடுக்கறீங்க?” என்று மருத்துவர் கேட்டார். “மீன்தாங்க” என்றேன். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. அவர் ஊசியை இரண்டு யூனிட்டாக ஏற்றினார். நான் சொல்லாமல் விட்ட களிக்காக அவன் உடம்பில் ஒரு யூனிட் கூடுதலாக ஏறியது.

மூன்றாவது வாரம்தான் களியைப் பற்றி வாய் திறந்தேன். அவர் கோபப்படவில்லை. “கேழ்வரகு உங்க அத்தைக்கு நல்லதுங்க. இவனுக்கு அதுவும் மாவு, அரிசியும் மாவு” என்றார். சாப்பிட்ட மாவு சர்க்கரையாகி மொத்தமாக ஈரலுக்கு வரும்போது அதைச் சட்டென்று வாரிக்கொள்ள குளுக்கோகைனேஸ் என்ற நொதி நமக்கு உண்டு. பூனையின் ஈரலில் அது மிகவும் குறைவு. எச்சிலிலும் மாவைச் சிதைக்கும் நொதி இல்லை. அதற்குப் பதில், பூனையின் ஈரல் இரவு பகலாகப் புரதத்திலிருந்தே தனக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்துகொண்டிருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். எலி, குருவி, ஓணான் என்று பிடித்துத் தின்னும் பூனைக்கு மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சக்தி நூற்றுக்கு இரண்டு பங்குதான்.

வீட்டுக்கு வந்து உலர் தீனிப் பாக்கெட்டைத் திருப்பினேன். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10. மாவுச்சத்து எவ்வளவு என்று எங்கும் போடவில்லை. இருப்பதைக் கூட்டி, சாம்பலுக்கு ஒரு 8 சேர்த்து, நூற்றிலிருந்து கழித்தால் 38. சக்திக் கணக்கில் பார்த்தால் நூற்றில் 41 பங்கு. எட்டு வருடம் அந்தக் கிண்ணத்தை நான் காலியாக விட்டதில்லை. காகிதத்தில் அந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

தூக்கம் வராமல் படித்ததில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராண்ட் குழுவினர் செய்த ஆய்வு கண்ணில் பட்டது, 2009இல் வெளியானது. புதிதாகச் சர்க்கரை கண்ட 24 பூனைகள், எட்டெட்டாக மூன்று கூட்டம், மூன்று வகை இன்சுலின், எல்லாவற்றுக்கும் மாவு மிகக் குறைந்த உணவு. கிளார்ஜின் போட்ட எட்டும் ஊசி வேண்டாத நிலைக்கு வந்தன. மற்ற இரண்டு கூட்டத்தில் மூன்றும் இரண்டும். எட்டுக்கு எட்டு! சின்னானுக்கும் கிளார்ஜின்தானே. அந்த எட்டுப் பூனைகளின் அளவை யாரோ பார்த்துப் பார்த்து ஊசியை ஏற்றியும் இறக்கியும் இருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மருத்துவர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பழைய தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்து நாளில் மாற்றுங்கள், ஒவ்வொரு முறை ஊசிக்கு முன்பும் அளவு பாருங்கள், எனக்குச் சொல்லுங்கள், ஊசியைக் குறைக்க வேண்டிவரும். நான் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். களியை மறைத்துப் பிடிபட்ட வெட்கம் இருந்தது. ஒரே வாரத்தில் நல்ல அளவோடு போய் நின்று, நானே சரிசெய்தேன் என்று காட்ட ஆசைப்பட்டேன். அதற்கு அவன் உயிரைப் பணயம் வைக்கிறேன் என்று நினைக்கவில்லை. நினைக்காததும் என் குற்றம்தான்.

ஒரே ராத்திரியில் பாக்கெட், களி, பால் மூன்றையும் நிறுத்தினேன். உப்பில்லாமல் வேகவைத்த கோழித்தொடை, அதன் சாறு, கொஞ்சம் ஈரல். ஆவலாகத் தின்றான். ஊசி அதே இரண்டு யூனிட்.

மூன்றாம் நாள். டிசம்பர் குளிர். காது நுனியில் குத்தி இரத்தம் எடுக்க, முதலில் வெந்நீர்த் துணியால் காதைச் சூடாக்க வேண்டும். அன்று கரும்பு ஆட்ட ஆள் வந்துவிட்டார்கள், எனக்கு அவசரம். அளவு பார்க்காமலே ஆறு மணிக்கு ஊசியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

பத்தரை இருக்கும். பாகு தொட்டிக்கு இறங்கியிருந்தது. சக்கை அள்ளிக்கொண்டிருந்த தம்பி கூப்பிட்டான்: “அக்கா, சின்னான் ஒரு மாதிரி இருக்கான், வாங்க.” சக்கைக் குவியலின் ஓரத்தில் எழ முயன்று எழ முயன்று பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தான். கண்மணி முழுக்க விரிந்து கருப்பாக இருந்தது. என் குரலுக்குத் திரும்பவில்லை. தாடை வெட்டி வெட்டி இழுத்தது. ஓடிப்போய்க் கருவியை எடுத்து வந்து காதில் குத்தினேன். 38.

நான் முன்யோசனையாகச் செய்தது அன்றைக்கு ஒன்றுமில்லை. கைக்கு எட்டியது தொட்டியில் ஆறிக்கொண்டிருந்த பாகு. சூடு பார்த்து விரலில் தொட்டு அவன் ஈறில் தடவினேன். ஒன்பது வருடம் நாக்கில் படவிடாத சர்க்கரை. தம்பி போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். “பாகு பரவாயில்லைங்க, விடாம தடவுங்க. வீட்ல குளுக்கோஸ் பொடி இருக்குதா? அதுதான் சட்டுனு ஏறும். கரைச்சு ஈறுல மட்டும் தடவணும், வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரையேறிரும். தடவிட்டே கிளம்புங்க” என்றார் மருத்துவர். வெல்லத்தின் சர்க்கரை குடலுக்குப் போய்ப் பிளந்த பிறகுதான் இரத்தத்துக்கு வரும்; குளுக்கோஸுக்கு அந்த வேலை இல்லை. அத்தையின் குளுக்கோஸ் டப்பா அலமாரியில் இருந்தது. அத்தையே கரைத்துக் கொண்டுவந்தார். கை நடுங்கிப் பாதி சேலையில் கொட்டியது.

இருபது நிமிடத்தில் 61. வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்தார். சின்னாற்றைத் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது. காட்டுப் பாதை, எந்த வளைவில் யானை நிற்கும் என்று தெரியாது. மடியில் அவன், ஒரு கையில் குளுக்கோஸ் கிண்ணம். ஒன்பதாறு சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே எட்டிப் பார்த்த காவலர் ஒன்றும் கேட்காமல் கம்பத்தைத் தூக்கிவிட்டார். அந்த வழி முழுக்க நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.

கிளார்ஜின் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. ஒரு முறை ஏற்றிவிட்டதோடு முடியாது. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் சொட்டுச் சொட்டாக இறங்க, சாயங்காலம் வரை அவனை வைத்துக்கொண்டார்கள். நான்கு மணிக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தான். மருத்துவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சாப்பாடும் ஒரு மருந்துதாங்க. ரெண்டு மருந்துல ஒண்ணை நீங்க மாத்திட்டீங்க, இன்னொண்ணு அப்படியே இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டு. தேதி, நேரம், எடை, தின்றது எத்தனை கிராம், அளவு, ஊசி. அரை யூனிட்டில் மறுபடி தொடங்கினோம். மனிதருக்கான கருவி பூனை இரத்தத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதால், எந்த எண்ணுக்குக் கீழே ஊசி கூடாது என்று மருத்துவரே எழுதிக் கொடுத்தார். உணவையும் திருத்தினார். வெறும் கறி மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. எலியை எலும்போடு தின்னும் உயிர் அது. அதற்கு ஒரு பொடி. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துவிடும். கலிஃபோர்னியாவில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவர் 1987இல் கண்டுபிடித்துச் சொல்லும் வரை கடைத் தீனியிலேயே அது போதாமல் இருந்தது. வேகவைத்த தண்ணீரில் அது இறங்கிவிடும் என்பதால் சாற்றைக் கீழே கொட்டக் கூடாது. ஈரல் கொஞ்சம்தான், மிஞ்சினால் வைட்டமின் ஏ நஞ்சாகும். மத்தியைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி அதில் உண்டு, வேகவைத்தால் போய்விடும். ஊருக்குப் போகும் நாட்களுக்கு டப்பாவில் வரும் ஈரத் தீனி. அதிலும் குழம்பாக இருப்பதில் மாவு கலந்திருக்கும், விழுதாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இளைக்க வைப்பதிலும் அவசரம் கூடாது என்றார். பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கொழுப்பு ஈரலில் போய் அடைத்து ஈரல் கெட்டுவிடும். வாரத்துக்கு நூற்றில் ஒரு பங்கு எடை குறைந்தால் போதும். நோட்டில் அந்த எண்கள் மெதுவாக இறங்கின. நான் அந்த மெதுவைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

2023 மாசியில் ஊசி ஒரு வேளையாயிற்று. பங்குனி கடைசியில், ஊசியில்லாமல் இரண்டு வாரம் அளவு 90க்கும் 120க்கும் நடுவிலேயே நின்றது. நோய் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. தணிந்திருக்கிறது, மறுபடி வரலாம் என்றார். எல்லாப் பூனைக்கும் இது நடப்பதில்லை. தாமதமாகக் கண்டால் வாய்ப்புக் குறையும். உணவு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஊசி தேவைப்படும் பூனைக்கு ஊசி போட்டே ஆக வேண்டும். நான் செய்த தாமதத்துக்குப் பிறகும் அவனுக்கு இது கிடைத்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சி ஓணத்துக்குப் பாயசம் கொண்டுவந்தபோது பழக்கத்தில் அவனுக்கும் ஒரு கரண்டி ஊற்றப் போனார். அத்தைதான் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்: “எனக்குத் தா கண்ணு, கொஞ்சமா. அவனுக்கு வேண்டாம்.”

பின்னங்கால் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தொட்டி விளிம்புக்கு இப்போதும் ஒரே தாவலில் ஏற மாட்டான். தம்பி பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறான்; அதில் ஏறி, நின்று, பிறகு விளிம்புக்குப் போகிறான். பாகு இறங்கும் நாட்களில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். வாரத்துக்கு ஒரு முறை துணியை வெந்நீரில் நனைத்துக்கொண்டு நான் போனால், கேட்காமலே காதைச் சாய்த்துக் காட்டுகிறான். இந்த வியாழக்கிழமை 104.